பல சராசரிகளை ஒப்புநோக்கல்



சராசரி என்பது இன்று யாவர்க்கும் பழக்கமான சொல். சராசரி மழைவீழ்ச்சி, சராசரி விளைச்சல், சராசரி வருமானம், பரீட்சையிற் பெற்ற சராசரிப் புள்ளி என்று நாள்தோறும் அதனைக் கேட்கின்றோம், நாமும் வழங்குகின்றோம். ஒரு சராசரியைத் தனியே சொல்லும்போது வழக்கு எதுவும் எழுவதில்லை. பல சராசரிகளை அருகருகே நிறுத்தி, இது பெரிது, அது சிறிது, ஆகவே இது நன்று, அது தீது என்று தீர்ப்புக் கூறத் தொடங்கும்போதே வழக்கு எழுகின்றது. அத்தீர்ப்பை எந்த அளவுக்கு நம்பலாம்? அதனை நம்பிக் காசைச் செலவிடலாமா? இக்கேள்விக்கு விடை காண உதவும் ஒரு கணக்கு முறையைப் பற்றியே இன்று உங்களுடன் பேச எண்ணுகின்றேன். அதற்கு மாறற்றிறன் பகுப்பாய்வு என்று பெயர். பெயர் சற்றுக் கரடுமுரடானதுதான். உள்ளே இருக்கும் கருத்து அத்துணைக் கடினமானதன்று.

பானைச் சோற்றிலிருந்து தொடங்குவோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் சொல். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்துப் பானை முழுவதையும் பற்றித் தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். அத்தீர்ப்புப் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஏன் பிழைப்பதில்லை? பானையில் உள்ள அரிசி ஒரே அரிசி. நீரும் நெருப்பும் எல்லாப் பருக்கைகளுக்கும் பொது. அகப்பை இடையிடையே கிளறி மேலதைக் கீழும் கீழதை மேலுமாக்குகின்றது. ஆகவே பருக்கைக்குப் பருக்கை வேற்றுமை மிகச் சிறிது. வேற்றுமை சிறிதாகையாலேதான் ஒரு சோறு பதமாகின்றது.

வயலோ பானையன்று. ஒரே வயலில், ஒரே நாளில், ஒரே விதை நெல்லை விதைத்தாலும் மதகின் அருகே உள்ள பாத்தி ஒரு விதமாக விளையும். வரம்பின் ஓரத்துப் பாத்தி வேறு விதமாக விளையும். மேட்டில் நீர் நில்லாது, பள்ளத்தில் வடியாது. மரநிழல் ஒரு மூலையைக் கெடுக்கும். சென்ற ஆண்டு மாட்டுப்பட்டி நின்ற இடம் மற்றொரு மூலையைச் செழிப்பிக்கும். இங்கே ஒரு பாத்தியை அறுத்துப் பார்த்து வயல் முழுவதையும் பற்றிப் பேசுதல் தகாது. ஒரு பாத்திக்கு ஒரு பசளையையும் அடுத்த பாத்திக்கு வேறொரு பசளையையும் இட்டு, எது கூட விளைந்ததோ அதுவே சிறந்த பசளை என்று முடிவு கட்டுதல் இன்னும் தகாது. கூட விளைந்தது பசளையின் ஆற்றலாலா, மண்ணின் ஆற்றலாலா என்பதை அந்த இரண்டு எண்களும் நமக்குச் சொல்லமாட்டா.

இது ஏட்டுச் சுரைக்காய் ஆராய்ச்சி அன்று. பயனில்லாத ஒரு பசளையை நல்ல பசளையென்று விவசாயிக்குப் பரிந்துரைத்தால் அவன் கடன்பட்டு அதனை வாங்குவான்; ஒரு பெரும்போகத்தின் முதல் வீணாகும். உண்மையில் நல்லதாகிய ஒன்றை, வேற்றுமை தெரியவில்லை என்று தள்ளிவிட்டாலோ வரக்கூடிய விளைச்சல் வராமற்போகும். நோயாளருக்கு மருந்து கொடுப்பதிலும் இதே இடர்ப்பாடு உண்டு. அங்கே இழப்பு நெல்லன்று, உயிர்.

இப்பொழுது ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாகும் பொருட்டு நானே அமைத்துக்கொண்ட எண்கள் இவை. கையிற் பென்சிலும் தாளும் உள்ளவர்கள் குறித்துக்கொள்ளலாம். மூன்று பசளைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாத்திகள், ஆக 12 பாத்திகள். ஒவ்வொரு பாத்தியின் விளைவையும் ஏக்கருக்கு இத்தனை புசல் என்று கணித்துக்கொள்கின்றோம். முதலாம் பசளை இட்ட நான்கு பாத்திகள் 39, 39, 41, 41 புசல் தந்தன, சராசரி 40. இரண்டாம் பசளைக்கு 44, 44, 45, 47, சராசரி 45. மூன்றாம் பசளைக்கு 48, 50, 50, 52, சராசரி 50. இந்த எண்களைக் கேட்டவுடனேயே கணக்கறியாதவரும் மூன்றாம் பசளையே மேலானது என்பர். ஒரு பசளையின் பாத்திகள் தமக்குள் இரண்டு முதல் நான்கு புசலே வேறுபட, பசளைக்குப் பசளை ஐந்து புசல் வேறுபடுகின்றதன்றோ?

இனி மற்றொரு வயலைப் பார்ப்போம். இங்கே முதலாம் பசளைக்கு 29, 35, 45, 51. சராசரி மீண்டும் 40. இரண்டாவதற்கு 32, 41, 49, 58; சராசரி 45. மூன்றாவதற்கு 38, 47, 53, 62, சராசரி 50. சராசரிகள் முன்னைய வயலின் சராசரிகளே, அணுவளவும் மாறவில்லை. ஆயினும் முன்போலத் துணிந்து தீர்ப்புக் கூற நா எழுகின்றதா? மட்டமானதென்று நாம் கருதும் முதலாம் பசளை ஒரு பாத்தியில் 51 புசல் தந்திருக்கின்றது; சிறந்ததென்று கருதும் மூன்றாம் பசளை ஒரு பாத்தியில் 38 புசலே தந்திருக்கின்றது. ஒரே பசளையின் பாத்திகளுக்குள்ளேயே இருபது, இருபத்தைந்து புசல் வேற்றுமை இருக்கும்போது, சராசரிகளுக்கிடையே உள்ள ஐந்து புசல் தற்செயலாய் வந்ததாகவும் இருக்கலாம்.

நேயர்களே, இந்த இரண்டு வயல்களையும் ஒப்பிட்டபோது உங்கள் மனம் தானாகவே செய்த வேலைதான் மாறற்றிறன் பகுப்பாய்வு. சராசரிகளுக்கு இடையே உள்ள வேற்றுமையை, ஒவ்வொரு குழுவின் உள்ளே இருக்கும் வேற்றுமையோடு வைத்து எடைபோட்டீர்கள். தராசின் ஒரு தட்டில் குழுக்களுக்கிடையேயான வேற்றுமை. மறு தட்டில் குழுக்களுக்கு உள்ளேயான வேற்றுமை. கணிதம் இதற்கு மேற் செய்வதெல்லாம் படிக்கற்களைத் திட்டமாக அமைத்துக் கொடுப்பதுதான்.

படிக்கல் எவ்வாறு அமைகின்றது? ஒவ்வோர் எண்ணும் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றது என்று பார்த்து, அவ்விலகலை வர்க்கித்து, யாவற்றையும் கூட்டுகின்றோம். முதலாம் வயலில் 39, 39, 41, 41 என்பன 40 இலிருந்து ஒவ்வொன்றாக விலகுகின்றன. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 4. இரண்டாம் பசளைக்கு 6, மூன்றாவதற்கு 8. ஆக உள்வேற்றுமை 18. இனி, 40, 45, 50 என்னும் மூன்று சராசரிகளும் 45 என்னும் பொதுச் சராசரியிலிருந்து விலகும் விலகல்கள் 5, 0, 5. இவற்றின் வர்க்கங்கள் 25, 0, 25, கூட்டினால் 50. ஒவ்வொரு சராசரியும் நான்கு பாத்திகளுக்குப் பேசுவதால் நான்கால் பெருக்க, இடைவேற்றுமை 200. பன்னிரண்டு எண்களையும் குழு வேறுபாடின்றி எடுத்துப் பொதுச் சராசரியிலிருந்து விலகலை வர்க்கித்துக் கூட்டினால் 218 வரும். 200 உம் 18 உம் சேர்ந்ததே அந்த 218. முழு வேற்றுமை, மிச்சம் மீதியின்றி இரண்டு பங்காகப் பிரிந்துவிடுகின்றது. பகுப்பாய்வு என்ற பெயர் இதனாலேயே வந்தது.

வர்க்கிப்பது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஒன்றையொன்று சாராத இரண்டு காரணங்கள் ஓர் அளவைக் குலைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று தனியே 3 அளவு சிதறலையும் மற்றொன்று தனியே 4 அளவு சிதறலையும் உண்டாக்கும். இரண்டும் சேர்ந்தால் சிதறல் 7 ஆவதில்லை. 5 தான் ஆகின்றது. ஏனெனிற் சில வேளைகளில் இரண்டும் ஒரே திசையில் இழுக்கும். சில வேளைகளில் ஒன்றையொன்று தடுக்கும். ஆனால் 9 உம் 16 உம் சேர்ந்து 25 ஆகின்றன. செங்கோண முக்கோணத்தில் நாம் படித்த அதே கணக்கு. சிதறல்கள் கூடமாட்டா, அவற்றின் வர்க்கங்கள் கூடும். கூடுவனவற்றையே பங்கிட்டும் பார்க்கலாம்.

இன்னும் ஒரு படி உண்டு. 18 என்பது பன்னிரண்டு பாத்திகளிலிருந்து திரண்ட தொகை. 200 என்பது மூன்று சராசரிகளிலிருந்து திரண்ட தொகை. இவற்றை நேரே ஒப்பிடலாகாது. நான்கு எண்களின் சராசரி இன்னதென்று தெரிந்துவிட்டால் அவற்றுள் மூன்றே விருப்பம்போல் மாறலாம். நான்காவது தானே தீர்மானமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பசளைக்கும் மூன்று வீதம் உள்வேற்றுமைக்கு 9 சுயாதீனப் படிகள். மூன்று சராசரிகளுக்கு 2 சுயாதீனப் படிகள். 200 ஐ 2 ஆல் வகுக்க 100. 18 ஐ 9 ஆல் வகுக்க 2. முன்னையது பின்னையதைப்போல் 50 மடங்கு. இரண்டாம் வயலில் இடைவேற்றுமை அதே 100. உள்வேற்றுமையோ 968 ஐ 9 ஆல் வகுக்க, ஏறத்தாழ 107.6. விகிதம் ஒன்றினுங் குறைவு, 0.93.

பசளைகளிடையே உண்மையில் வேற்றுமை எதுவும் இல்லையென்றால் இவ்விகிதம் ஒன்றை ஒட்டியே அமைதல் வேண்டும். தற்செயலால் அது சற்று ஏறலாம், இறங்கலாம். எவ்வளவு ஏறினால் தற்செயல் என்று சொல்லக் கூசவேண்டும் என்பதற்கு அட்டவணைகள் உண்டு. நம் உதாரணத்துக்குரிய எல்லை 4.26. பசளைகள் யாவும் ஒரே ஆற்றலுடையனவாயின், விகிதம் இந்த எல்லையைக் கடப்பது நூற்றுக்கு 5 தடவைதான். முதலாம் வயலின் 50 இந்த எல்லைக்கு எங்கோ அப்பால் நிற்கின்றது. இரண்டாம் வயலின் 0.93 எல்லையை எட்டியும் பார்க்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழலாம். இத்தனை சுற்று எதற்கு? முதலாவதை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும், முதலாவதை மூன்றாவதோடும் சோடி சோடியாக ஒப்பிட்டால் என்ன? இரண்டு சராசரிகளை ஒப்பிடும் முறைக்கு 1908 ஆம் ஆண்டிலேயே அத்திவாரம் இட்டுவிட்டார் வில்லியம் கொசெற் என்பவர். அவர் அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் கின்னஸ் மதுபானச் சாலையிற் பணிபுரிந்தவர். தம் பெயரை மறைத்து 'மாணவன்' என்னும் பொருள்படும் புனைபெயரில் எழுதியவர். குழுக்கள் இரண்டேயாயின் அவர் முறையே போதும். குழுக்கள் பெருகும்போதுதான் இடர் வருகின்றது. ஐந்து குழுக்களுக்குச் சோடிகள் 10. பத்துக் குழுக்களுக்குச் சோடிகள் 45. ஒவ்வோர் ஒப்பீட்டிலும் நூற்றுக்கு 5 தடவை தற்செயல் நம்மை ஏமாற்றலாம் என்று இடங்கொடுத்தோமல்லவா? பத்துத் தடவை அப்படி இடங்கொடுத்தால், ஒன்றிலாவது ஏமாறும் வாய்ப்பு, ஒப்பீடுகள் ஒன்றையொன்று சாராதனவாயின், நூற்றுக்கு 40 ஆகிவிடும். ஒரே குழு பல சோடிகளில் வருவதால் உண்மை அளவு இதனிற் குறைவுதான்; ஆயினும் நூற்றுக்கு 5 ஐ விட மிக அதிகம். பத்துப் பேரிடம் சாத்திரம் கேட்டால் ஒருவர் சொல்வதாவது பலிக்கத்தானே செய்யும்? அதைக்கொண்டு அவரைச் சாத்திரத்திற் சிறந்தவர் என்று கொண்டாடுதல் அறிவாகாது. மாறற்றிறன் பகுப்பாய்வு எல்லாக் குழுக்களையும் ஒருங்கே நிறுத்தி, இவற்றிடையே வேற்றுமை உண்டு என்று சொல்ல இடம் உண்டா என ஒரே கேள்வியைக் கேட்கின்றது.

இம்முறை பிறந்த இடமும் ஒரு வயலே. இலண்டன் மாநகருக்கு வடக்கே, ஹாப்பென்டன் என்னும் ஊரில் உள்ளது ரொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையம். 1843 ஆம் ஆண்டில் ஜோன் லோஸ் என்பவர், ஜோசப் கில்பேட் என்னும் இரசாயனவியலாளரின் துணையோடு அங்கே பசளைப் பரிசோதனைகளைத் தொடங்கினார். புறோட்போக் எனப்படும் வயலில் அன்று தொடங்கிய கோதுமைப் பரிசோதனை இன்றும் நடைபெறுகின்றது. ஆண்டுதோறும் எண்கள் குவிந்தன. குவிந்த எண்களைக் கொண்டு என்ன முடிவுக்கு வருவது என்பதே நெடுங்காலம் தீராத வினாவாயிருந்தது. 1919 ஆம் ஆண்டில், அந்த எண்களை ஆராய்வதற்கென்று ஓர் இளங் கணித அறிஞர் அமர்த்தப்பட்டார். அவரே ரொனால்ட் ஃபிஷர்.

ஃபிஷர் 1890 இற் பிறந்தவர். ரொதம்ஸ்ரெட்டுக்கு வருமுன்பே, 1918 இல், பரம்பரை இயல்பு பற்றிய ஒரு கட்டுரையில், சிதறலின் வர்க்கத்துக்கு மாறற்றிறன் என்ற பொருளுடைய பெயரைச் சூட்டி, அதனைக் காரணம் காரணமாகப் பங்கிடலாம் என்று காட்டியிருந்தார். 1923 இல், வினிஃபிரெட் மக்கென்சி என்னும் அம்மையாருடன் சேர்ந்து, 12 வகை உருளைக்கிழங்குகள் பசளைக்கு எவ்வாறு ஈடுகொடுக்கின்றன என்பதை ஆராய்ந்து வெளியிட்டார். வயற்பரிசோதனை ஒன்றுக்கு மாறற்றிறன் பகுப்பாய்வு அட்டவணை அமைக்கப்பட்டது அதில்தான். பசளைக்கு ஈடுகொடுப்பதில் அவ்வகைகள் தம்முள் குறிப்பிடத்தக்க வேற்றுமை காட்டவில்லை என்பது முடிவு. 1925 இல் அவர் ஆராய்ச்சியாளர்களுக்கென எழுதிய புள்ளிவிபரவியல் நூல் இம்முறையை எங்கும் பரப்பியது. அவர் தந்த அட்டவணை மடக்கை வடிவில் அமைந்திருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து அறிஞர் ஜோர்ஜ் சினெடெக்கர் 1934 இல் அதனை நேரான விகிதமாக மாற்றி, ஃபிஷரின் பெயரின் முதலெழுத்தால் எஃப் என்று வழங்கினார். நாம் சற்றுமுன் கண்ட 50 உம் 0.93 உம் அந்த எஃப் விகிதங்களே.

ஃபிஷரின் பெருமை கணக்கோடு நின்றுவிடவில்லை. கணக்குப் பார்ப்பதற்கு முன்பே, விதைப்பதற்கு முன்பே, பரிசோதனையை ஒழுங்காக அமைக்கவேண்டும் என்று வற்புறுத்தியதே அவர் செய்த பெருந்தொண்டு. எந்தப் பாத்திக்கு எந்தப் பசளை என்பதை ஆராய்ச்சியாளன் தன் விருப்பத்தால் தீர்மானிக்கலாகாது. திருவுளச்சீட்டுப் போல, எழுமாற்றாகத் தீர்மானிக்கவேண்டும். அவ்வாறு செய்தால், தெரிந்த குறையும் தெரியாத குறையும் எல்லாப் பசளைகளுக்கும் நடுநிலையாகவே போய்ச் சேரும். பானையில் அகப்பை செய்கின்ற வேலையை வயலிற் சீட்டுச் செய்கின்றது என்று கொள்ளலாம்.

மற்றொன்று, வயலைக் கண்டங்களாகப் பிரித்தல். நம்முடைய இரண்டாம் வயலுக்கு மீண்டும் வருவோம். அவ்வயல் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி நான்கு கண்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கண்டத்திலும் மூன்று பசளைகளும் ஒவ்வொரு முறை, சீட்டுப்போட்டு இடப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். நான் சொன்ன எண்களின் வரிசையே கண்டங்களின் வரிசை. மேட்டுக் கண்டத்தில் மூன்று பசளைகளும் முறையே 29, 32, 38. அடுத்ததில் 35, 41, 47. மூன்றாவதில் 45, 49, 53. பள்ளத்தில் 51, 58, 62. இப்பொழுது பாருங்கள்! எந்தக் கண்டத்தை எடுத்தாலும் மூன்றாம் பசளையே முன்னிற்கின்றது. முதலாம் பசளையே பின்னிற்கின்றது. பெருவேற்றுமையெல்லாம் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உரியது, பசளைக்கு உரியதன்று.

கண்டங்களின் சராசரிகள் 33, 41, 49, 57. இவற்றுக்குரிய வேற்றுமையைக் கணக்கிட்டால் 960 வரும். 968 இலிருந்து இந்த 960 ஐ நீக்க, எஞ்சுவது 8 மட்டுமே. சுயாதீனப் படிகள் 9 இலிருந்து 6 ஆகக் குறைகின்றன. 8 ஐ 6 ஆல் வகுக்க 1.33. இடைவேற்றுமை 100 ஐ இதனால் வகுத்தால் 75! இதற்குரிய எல்லை 5.14 தான். அதே பன்னிரண்டு எண்கள். கண்டம் பார்க்காதபோது 0.93, கண்டம் பார்த்தபோது 75. முன்னே இருளாயிருந்தது பின்னே பட்டப்பகலாயிற்று. ஆயினும் ஓர் எச்சரிக்கை. கண்டங்களை விதைக்குமுன் வகுக்கவேண்டும். அறுவடை முடிந்தபின், எண்களைப் பார்த்து, நமக்கு வேண்டிய முடிவு வரும்வண்ணம் வயலைக் கூறுபோடுவது ஆராய்ச்சியன்று. அது கண்ணைக் கட்டும் வித்தை.

இந்த ரொதம்ஸ்ரெட் மரபுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு நேரான தொடர்பு உண்டு. ஃபிஷரோடு சேர்ந்து 1927 இலும் 1929 இலும் வயற்பரிசோதனைக் கட்டுரைகளை எழுதியவர் தோமஸ் ஈடன். தானியப் பயிர்களுக்கு மேலிடும் பசளை பற்றியது முன்னையது. உருளைக்கிழங்குக்குப் பொற்றாசும் நைதரசனும் இடுவது பற்றியது பின்னையது. அதே ஈடன் பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றினார். 1925 இல் நிறுவப்பட்ட அந்நிலையம் தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கி வருவதைப் பலரும் அறிவீர்கள். தேயிலையிற் பரிசோதனை செய்வது நெல்லிற் செய்வதைக் காட்டிலும் தொல்லையானது. நெல் ஒரு போகத்தில் முடியும். தேயிலையோ பல்லாண்டுப் பயிர். கொழுந்து ஒரு நாளில் அறுவடையாவதில்லை, வாரந்தோறும் பறிக்கப்படுவது. மலைச்சரிவின் மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒன்றல்ல. செடிக்குச் செடி வேற்றுமை வேறு. இத்தகைய பயிரில் பரிசோதனைப் பிழை எவ்வளவு என்பதை ஆராய்ந்து ஈடன் 1931 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புதிய முறை பிறந்து பத்தாண்டு ஆவதற்குள் அது நம் மலைநாட்டுக் கொழுந்துக் கூடையை நிறுத்துப் பார்த்துவிட்டது.

அதே ஈடன், பிராங்க் யேற்ஸ் என்பவருடன் சேர்ந்து 1933 இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியும் குறிப்பிடத்தக்கது. எஃப் அட்டவணைகள், எண்கள் மணியுருவான ஒரு பரம்பலைத் தழுவியன என்ற எடுகோளின்மீது அமைந்தவை. வயலில் உண்மையாக எடுத்த எண்கள் அவ்வாறு அமையாவிட்டால்? அவர்கள் கோதுமைப் பயிரின் உயரங்களை எடுத்து, அவற்றை 1,000 தடவை எழுமாற்றாக மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வொரு தடவையும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். கணினி இல்லாத காலம் அது! பரம்பல் ஒழுங்காக அமையாதபோதும் ஃபிஷரின் சோதனை பெரும்பாலும் நம்பத்தக்கதே என்பது தெரிந்தது. இன்று ஆயிரம் தடவை அடுக்குவதைக் கைக்கணினி கண்ணிமைக்கும் நேரத்திற் செய்துவிடும். அதனாலேயே இன்று கவனம் அதிகம் வேண்டும். கணக்கு எளிதானது, கருத்து எளிதாகிவிடவில்லை.

இனி, இம்முறை சொல்லாதவை எவை என்பதையும் சொல்லியாகவேண்டும். முதலாவது, குழுக்களிடையே வேற்றுமை உண்டு என்று இது சொல்லுமேயன்றி, எது எதனின் வேறு என்று சொல்லாது. அதற்கு வேறு ஒப்பீடுகள் தேவை. ஜோன் ரூக்கி என்னும் அமெரிக்க அறிஞர் 1949 இல் அதற்கென ஒரு வழி வகுத்தார். இரண்டாவது, வேற்றுமை உண்டு என்பதால் அது பெரிது என்பது பெறப்படாது. ஆயிரம் பாத்திகளைக் கொண்டு பார்த்தால் அரைப் புசல் வேற்றுமையும் எல்லையைக் கடந்துவிடலாம். அந்த அரைப் புசல் பசளையின் விலைக்கு ஈடாகுமா என்பதை விவசாயியின் வரவுசெலவுக் கணக்கே சொல்லவேண்டும். மூன்றாவது, விகிதம் எல்லையைக் கடக்கவில்லை என்றால் வேற்றுமை இல்லை என்று நிரூபணமாகிவிட்டது என்பதன்று. நிரூபிக்கப் போதிய சான்று இல்லை என்பதே பொருள். நீதிமன்றத்திற் சான்று போதாமையால் விடுதலை பெற்றவர் யாவரும் குற்றமற்றவர் என்று எவரும் சத்தியஞ் செய்யமாட்டார். நம் இரண்டாம் வயலில் 0.93 ஐ மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தால் நல்லதொரு பசளையை இழந்திருப்போமல்லவா? நான்காவது, ஒரு குழு மிக ஒழுங்காகவும் மற்றொரு குழு மிகச் சிதறியும் இருந்தால், அதிலும் குழுக்களின் அளவுகள் சமமில்லாவிட்டால், பொதுவான உள்வேற்றுமை ஒன்றைக் கொண்டு அளப்பது பிழையாகலாம். அதற்குத் திருத்திய முறைகள் 1950 களிலிருந்தே உள்ளன.

எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கடைசியாகச் சொல்கின்றேன். பாத்திக்குப் பசளையைச் சீட்டுப்போட்டுக் கொடுக்கலாம். பிள்ளைக்குப் பாடசாலையையோ, பிறந்த ஊரையோ, பெற்றோரையோ அவ்வாறு கொடுக்க இயலாது. ஐந்து பாடசாலைகளின் சராசரிப் புள்ளிகளை ஒப்பிட்டு, எஃப் விகிதம் எல்லையைக் கடந்துவிட்டது, ஆகவே இப்பாடசாலை ஆசிரியர்களே சிறந்தவர்கள் என்று ஒருவர் கூறினால் அவர் கணக்கிற் பிழை இராது. கருத்திற் பிழை உண்டு. ஒரு பாடசாலைக்கு நூலகமும் ஆய்வுகூடமும் இருக்கலாம். மற்றதன் பிள்ளைகள் பல மைல் நடந்து வருவோராயிருக்கலாம். வேற்றுமை உண்டு என்பதைக் கணக்குச் சொல்லும். அது எதனால் வந்தது என்பதை, சீட்டுப்போட்டுப் பங்கிட்ட இடத்தில் மட்டுமே அது துணிந்து சொல்லும். அன்றியும், இரண்டு பாடசாலைகளின் சராசரிகள் வேறுபடினும் ஒவ்வொன்றின் உள்ளேயும் இருக்கும் வேற்றுமை பெரும்பாலும் அதனைவிடப் பெரிது. சராசரி குறைந்த பாடசாலையின் முதல் மாணவி, சராசரி கூடிய பாடசாலையின் பெரும்பாலோரை வென்றுவிடுவாள். ஒரு குழுவின் சராசரியைத் தனி ஒருவரின் நெற்றியில் ஒட்டுதல் அநீதி.

இந்த எச்சரிக்கை ஃபிஷருக்கும் வேண்டியிருந்தது என்பது வருந்தத்தக்க உண்மை. மனித குலத்தைத் தெரிந்தெடுத்த பிறப்பால் திருத்தலாம் என்னும் இனமேம்பாட்டுக் கொள்கையில் அவர் நம்பிக்கையுடையவராயிருந்தார். ஒவ்வொரு நிரையிலும் ஒவ்வொரு நிரலிலும் ஒவ்வொரு நிறமும் ஒரே முறை வரும் இலத்தீன் சதுரம் என்னும் பரிசோதனை அமைப்பை, கேம்பிரிட்ஜில் அவருடைய கல்லூரி வர்ணக் கண்ணாடிச் சாளரமாக்கி 1989 இல் அவர் நினைவாகப் பதித்திருந்தது. அவருடைய அக்கொள்கையின் காரணமாக 2020 இல் அச்சாளரம் அகற்றப்பட்டது. வயலைப் பற்றி அவர் கற்பித்த பாடம் நிலைத்து நிற்கின்றது. மனிதரைப் பற்றி அவர் கொண்ட கருத்து நிற்கவில்லை.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை யாரேனும் மூன்று நான்கு சராசரிகளை உங்கள்முன் அடுக்கித் தீர்ப்பும் கூறினால், மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒவ்வொரு குழுவின் உள்ளேயும் வேற்றுமை எவ்வளவு? ஒவ்வொரு சராசரியும் எத்தனை எண்களிலிருந்து பிறந்தது? குழுக்களைப் பிரித்தது சீட்டா, சூழ்நிலையா? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை தீர்ப்பை ஒத்திவைத்தல் நன்று. ஒரு சோறு பதமாவது பானை ஒழுங்காகக் கிளறப்பட்டிருந்தால் மட்டுமே.